ரிவரில் முழுப் பந்தயமா, செக்கா?

பாட் லிமிட் ஓமஹா டோர்னமென்ட்; அதாவது கையில் நான்கு சீட்டு, பந்தயம் பாட்டைத் (நடுவில் சேர்ந்த சிப்புகளைத்) தாண்டக் கூடாத போக்கர். பரிசு வரம்புக்கு இன்னும் இருவர் வெளியேற வேண்டும். மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஸ்பேட் கிங், ஸ்பேட் 9, டயமண்ட் 4, ஹார்ட் 7. ரிவரில், அதாவது கடைசிப் பொதுச் சீட்டாக, ஸ்பேட் 2. நம் கையில் மற்ற மூன்று கிங்குகளில் இரண்டு, ஸ்பேட் ஏஸ், ஹார்ட் ஜாக். பாட் 40,000. எதிராளி செக் செய்துவிட்டார், அதாவது பந்தயம் போடாமல் விட்டார்.

ஓமஹாவில் கையிலிருந்து சரியாக இரண்டு சீட்டுகளைத்தான் எடுக்க வேண்டும். ஒற்றை ஏஸால் ஃபிளஷ் (ஒரே இனத்தின் ஐந்து சீட்டு) ஆகாது. ஆனால் அந்த ஏஸ் நம்மிடம் இருப்பதால் மிக உயர்ந்த ஃபிளஷ் எதிராளியிடம் இருக்க முடியாது. 40,000 போடத் தூண்டுவது இதுதான்.

இங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். பாட் அளவு பந்தயத்துக்கு எதிராளி பாதி முறை மடிந்தால் (சீட்டுகளைக் கைவிட்டால்) போதும் என்பது வெறுங்கைக்கான கணக்கு. நம்மிடம் இருப்பதோ மூன்று கிங். ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) இடமில்லாத இந்த மேசையில் ஃபிளஷ் மட்டுமே அதை வெல்லும். ஆகவே ஃபிளஷ்களிலேயே பாதிக்கு மேல் மடிய வேண்டும். சிறிய செட்டுகள் (கிங்குக்குக் கீழான மூன்று ஒரே சீட்டுகள்) மடிவதால் நமக்கு லாபமே இல்லை, அவற்றை எப்படியும் வென்றிருப்போம்.

செக் செய்தால் செலவில்லை. நான் செக் செய்வேன். எதிராளியின் சிப்புகள் நம்மைவிடக் குறைவு, வெளியேற அஞ்சுபவர் என்றால் மட்டும் பந்தயம்.