பெட்டி கர்டரா, ஐ கர்டரா, டிரஸ்ஸா?

பாலத்தின் தளத்தைத் தாங்கும் நீண்ட உத்தரம்தான் கர்டர். நான்கு பக்கமும் மூடிய குழாய்போல இருந்தால் அது பெட்டி கர்டர்; குறுக்குவெட்டு ஆங்கில ‘I’ எழுத்துபோல இருந்தால் ஐ கர்டர். சட்டங்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்த கூடு டிரஸ். எந்தப் பாலத்துக்கு எது? குறுக்குவெட்டில் ஒரு மீட்டர் சதுரமான எஃகுப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தகட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர். நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டுப் பிளந்தால், முறுக்கை எதிர்க்கும் அதன் விறைப்பு ஏறக்குறைய 7,500-இல் ஒரு பங்காகிவிடுகிறது. எஃகு ஒரு கிலோகூடக் குறையவில்லை. மூடியிருந்த பெட்டி திறந்துகொண்டது, அவ்வளவுதான். ஐ கர்டர் பிறவியிலேயே திறந்த வடிவம். பாரத்தைத் தாங்கி நிற்பதில் அது சளைத்ததல்ல; முறுக்கினால்தான் துவண்டுவிடும்.

துவண்டதன் விலையை 1940-இல் அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்குபாலம் காட்டியது. இருபுறமும் 2.4 மீட்டர் உயர ஐ கர்டர்கள். திறந்த நான்கே மாதத்தில், காற்றில் முறுக்கி முறுக்கி அறுந்து விழுந்தது. பிறகு பொறியாளர்கள் டிரஸ்ஸை நம்பினார்கள். 1964-இல் ஸ்காட்லாந்தில் திறக்கப்பட்ட ஃபோர்த் சாலைப் பாலத்தின் டிரஸ் எட்டு மீட்டருக்கும் அதிக உயரம். இரண்டே ஆண்டுகளில், ஏறக்குறைய அதே நீளத்தில், 988 மீட்டர் நடுத் தாவலுடன் (இரு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதிதான் தாவல்) பிரிட்டனின் செவெர்ன் பாலம் வந்தது. தளம் மூன்று மீட்டர் உயரமுள்ள மெல்லிய பெட்டி. காற்றை வெட்டிச் செல்லும் ஓரங்கள். என் கண்ணுக்கு, டிரஸ் தொங்குபாலங்களுக்கு வந்த முதல் உண்மையான போட்டி இதுதான். கனமான ரயில் பாதைக்கு டிரஸ் இன்றும் நல்ல தேர்வே; ஆனால் அதன் எண்ணற்ற இணைப்புகளுக்கு வர்ணம் பூசுகிறவரிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

பெட்டியின் பலவீனம் அதன் மெல்லிய தகடு. அமுக்கும் விசை ஏறினால் தகடு உடைவதற்கு முன்பே நெளிந்துவிடும். 1970 ஜூனில் வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவனில் கட்டிக்கொண்டிருந்த பெட்டி கர்டர் பாலத்தில், தூணுக்கு மேலே பெட்டிக்குள் இருந்த குறுக்குத் தகடு நெளிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று மெல்போர்னின் வெஸ்ட் கேட் பாலத்தில் 35 பேர். அங்கே ஒரு தாவலை இரு பாதிகளாகத் தூக்கி வைத்துப் பார்த்தபோது உயரம் 114 மில்லிமீட்டர் ஒத்துப்போகவில்லை. உயர்ந்த பாதியின் மேல் எட்டு டன் கான்கிரீட் கட்டிகள் பத்தை அடுக்கினார்கள், தகடு நெளிந்தது, நெளிவை நிமிர்த்தப் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். தாவலே சரிந்தது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் கோப்லென்ஸில் 13 பேர். மூன்றும் கட்டும்போதே நடந்தவை. முழுமையடைந்த பெட்டியின் பலத்தைக் கணக்கிட்ட அளவுக்கு, அரைகுறைப் பெட்டி நிற்குமா என்று யாரும் கவலைப்படவில்லை.

இந்த விபத்துகளை அடுத்து பிரிட்டனில் அமைந்த மெர்ரிசன் விசாரணைக் குழு பெட்டி கர்டர் விதிகளை இறுக்கியது. தகடு நெளியாமல் பிடிக்கும் விறைப்புப் பட்டைகள், குறுக்குத் தகடுகள், வெல்டிங் வேலை என எல்லாம் அதிகமாகவே, பெட்டியின் சிக்கனம் கரைந்தது. அதனால்தான் நேரான, குட்டையான பாலத்துக்குப் பெட்டி கேட்பவரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். அங்கே நாலைந்து ஐ கர்டர்கள் போதும்: ஒன்றில் விரிசல் விட்டால் மற்றவை தாங்கும், விரிசலும் வெளியிலிருந்தே தெரியும். பெட்டிக்குள் இருட்டில் விளக்கோடு ஊர்ந்துபோய்த்தான் தேட வேண்டும். சாலை வளைந்து திரும்புகிற இடத்தில் மட்டும் நான் வாக்கை மாற்றிக்கொள்வேன். பாரம் ஓயாமல் முறுக்குகிற அந்த இடத்தில் ஐ கர்டருக்கு எத்தனை குறுக்குச் சட்டங்கள் கட்டினாலும் அது பெட்டியாகிவிடாது.