கெட்டி அருங்காட்சியகத்தின் இலவசப் படங்கள்: சேலம் பிரேம் கடைக்குக் கொண்டுபோகும் முன்

லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகம், தன்னிடமுள்ள பழைய ஓவியங்களின் பெரிய அளவு டிஜிட்டல் கோப்புகளை 2013 முதல் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. பணம் வேண்டாம், அனுமதிக் கடிதமும் வேண்டாம். ஏற்காட்டில் காட்டேஜ் நடத்துபவர் வரவேற்பறையில் மாட்டினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சேவையில் பெரிதாகக் குறை இல்லை. கெடுவதெல்லாம் கோப்பு நம்மூர் பிரிண்டரிடம் போன பிறகுதான்.

டச்சு ஓவியர் வான்கோ ஐரிஸ் பூக்களை வரைந்த ‘ஐரிஸ்’ (1889) படத்தையே எடுத்துக்கொள்வோம். அசல் 74.3 × 94.3 செ.மீ. “24க்கு 36 இன்ச் போட்டுடலாம் சார், ரெடி பிரேமே இருக்கு” என்பார்கள். தலையாட்டினால் உயரத்தில் 15 சதவீதம் போச்சு: மேலே ஆரஞ்சுப் பூக்களும் கீழே செம்மண்ணும் வெட்டுப்படும். 24க்கு 30 கேளுங்கள். அகலத்தில் ஒன்றரை சதவீதம்தான் போகும். அந்த அளவுக்கு 6000 × 4800 பிக்சல் இருந்தால் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையேல் பென்டிரைவ்.

நிறத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வான்கோ தீட்டியபோது பூக்கள் ஊதா. அதில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு மங்கியதால் இன்று நீலமாகத் தெரிகின்றன. கோப்பிலும் அந்த நீலம்தான். “டல்லா இருக்கே” என்று ஆபரேட்டர் கலரை ஏற்றினால் இலையெல்லாம் கிளிப்பச்சை ஆகிவிடும். எதையும் தொட வேண்டாம் என்று சொல்லி, முதலில் ஏ4 தாளில் ஒரு துண்டு அடித்துப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் மெஷின் வேண்டாம். எளிதில் மங்காத பிக்மென்ட் இங்க், 230 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத, பளபளப்பில்லாத மேட் தாள் கேளுங்கள்.

சேலம் பிரேம் கடைகளுக்குச் சாமி படம் கைவந்த வேலை: கண்ணாடியைப் படத்தோடு ஒட்டி அழுத்திவிடுவார்கள். ஊருக்குள் அது தாங்கும். ஏற்காட்டு மூடுபனியில் ஈரம் உள்ளே தங்கி, தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். படத்தைச் சுற்றிலும் 2 அங்குல மவுண்ட் போர்டு (கெட்டி அட்டை விளிம்பு) வைத்தால் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி கிடைக்கும். பின்பக்க விளிம்பை டேப்பால் அடைத்து, கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று ஓடும். மவுண்ட்டோடு 28க்கு 34 ஆகும்போது 2 மி.மீ. கண்ணாடி மட்டுமே 3 கிலோ. அதே தடிமனில் அக்ரிலிக் பாதி எடைதான், ஆனால் துணி பட்டாலே கீறும்.

லாஸ் ஏஞ்சலஸோடு பேர் சேர்ந்த எட் ரூஷே, டேவிட் ஹாக்னி போன்ற நவீன ஓவியர்களின் படைப்புகள் இதில் கிடைக்காது. காப்புரிமை இன்னும் இருக்கிறது. கலிஃபோர்னியாவே வேண்டும் என்றால் புகைப்படக் கலைஞர் கார்ல்டன் வாட்கின்ஸ் 1860களில் எடுத்த யோசெமிட்டி மலைப் புகைப்படங்கள் உண்டு. மலை வீட்டுச் சுவருக்கு ஐரிஸைவிட இதுவே பொருத்தம். அந்தக் காலப் புகைப்படங்களில் ஒரு பழுப்புச் சாயல் இருக்கும். கறுப்பு வெள்ளை என்று நினைத்து கிரேஸ்கேலில் (வெறும் கறுப்பு-சாம்பலில்) அடித்துவிடுவார்கள், அந்தப் பழுப்பு சாம்பலாகிவிடும். கலரிலேயே அடிக்கச் சொல்லுங்கள்.