நகோயாவில் இருந்து வந்த பெட்டி: எது காசுக்குத் தகும், எது தகாது

ஊதுபத்தியில் இருந்தே தொடங்குகிறேன், வந்த பொருட்களில் கொடுத்த காசு முழுவதற்கும் வேலை செய்தது அதுதான். அக்கா பையன் ஜப்பானில் நகோயா பக்கம் வேலை பார்க்கிறான். ஆகஸ்ட் நடுவில் அங்கே ஓபோன் என்ற முன்னோர் பண்டிகைக்கு லீவு விடுவார்கள், அந்த லீவில் சேலம் வந்தவனிடம், சூப்பர் மார்க்கெட் சாமான் எதுவும் வேண்டாம், சின்னச் சின்ன ஆட்கள் கையால் செய்வது மட்டும் வாங்கிக்கொண்டு வா என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தேன். வந்ததில் பாதி அருமை, கொஞ்சம் சுமார், ஒன்று வீண். ஏற்கெனவே போனில் நிறையப் பேர் கேட்டுவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஊதுபத்தி அவாஜித் தீவில் செய்தது. கோபேக்கு எதிரே கடலில் இருக்கும் தீவு, ஜப்பானின் ஊதுபத்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. 595-ஆம் ஆண்டில் ஒரு பெரிய அகில் கட்டை அந்தத் தீவில் கரை ஒதுங்கியதாம், தீவுக்காரர்கள் விறகு என்று அடுப்பில் வைக்க, வாசனை எங்கேயோ போக, பதறிப்போய் அதை அரண்மனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்களாம். அவர்களுடைய பழைய வரலாற்று நூலிலேயே இது இருக்கிறது. ஆனால் தொழிலாக ஆரம்பித்தது 1850 வாக்கில்தான், காரணமும் ரொம்ப நடைமுறையானது: குளிர்காலத்தில் மேற்குக் காற்று பலமாக அடித்தால் படகு எடுக்க முடியாது, அதே காற்று ஊதுபத்தியை நன்றாக உலர்த்தும். மீன் இல்லாத மாதத்துக்கு ஒரு வேலை.

நம் பத்திக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம், உள்ளே மூங்கில் குச்சி கிடையாது. ஒரு மரப்பட்டைப் பொடியைப் பசையாகச் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் போலப் பிழிந்து, வெட்டி உலர்த்துகிறார்கள். அதனால் எரியும்போது மூங்கில் கருகும் வாடை வருவதில்லை, சந்தனம் என்றால் சந்தனம் மட்டும். ஒரு பத்தி அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக எரிகிறது. புகை இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், புகை புகைதான், ஆனால் கதவைச் சாத்தி ஏசி போட்ட அறையிலும் கண் எரியவில்லை, மறுநாள் காலையில் திரைச்சீலையில் லேசாக மணம் நிற்கிறது, தலைவலி இல்லை. ஜப்பானியர்கள் மைசூர்ச் சந்தனத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்கள் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது, நம் பக்கத்து மரம் கடல் தாண்டிப் போய் ஒழுங்காக வேலை செய்துகொண்டு திரும்பி வருகிறது.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "சாமிக்குப் போட்ட மாதிரியே இல்ல கண்ணு, பத்தி வச்சா தெருவுக்கே தெரிய வேண்டாமா" என்றார். நம் ஊதுபத்தி ஸ்டாண்டில் இது நிற்கவும் நிற்காது, ஓட்டை பெரியது. ஒரு கிண்ணத்தில் விபூதியோ சாம்பலோ நிரப்பிக் குத்தி வையுங்கள், அங்கேயும் சாம்பலில்தான் நிறுத்துகிறார்கள். பூஜை அறைக்கு வேண்டாம், படுக்கை அறைக்கு, படிக்கிற அறைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெட்டி ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது, தினம் ஒன்று வைத்தால் மாதக்கணக்கில் வரும்.

இந்தச் சாமான்களில் பாதியை அவன் வாங்கியது 'மிச்சி நோ எக்கி' என்ற சாலையோரக் கடைகளில். 1993-ல் இருந்து அரசாங்கப் பதிவோடு நடக்கின்றன, இப்போது நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வண்டி நிறுத்தம், கழிப்பறை, அதோடு சுற்றுவட்டார விவசாயிகள் காலையில் கொண்டுவந்து வைக்கும் சரக்கு. பொட்டலத்தில் விளைவித்தவர் பெயர் இருக்கும், சிலதில் போட்டோவே இருக்கும், விலையும் பெரும்பாலும் அவர்கள் வைத்ததுதான். எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் ஏரி ஓரத்தில் மிளகு வாங்குகிறோமே, அது நாகலூரில் விளைந்ததா, வாழவந்தியா, இல்லை கீழே லீ பஜாரில் இருந்து மூட்டையில் ஏறி வந்ததா என்று கடைக்காரருக்கே தெரியாது. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கிற ஆள் யாரென்று பொட்டலம் சொல்வதில்லை. காப்பி கொஞ்சம் பரவாயில்லை, ஒன்றிரண்டு தோட்டக்காரர்கள் சொந்தப் பெயரில் விற்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் நான் காசு கொடுத்ததில் ஒரு பங்கு இந்தப் பெயருக்குத்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

பெயர் என்றதும் மிசோ, சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற விழுது. ஹட்சோ மிசோ என்று கேட்டு வாங்கிவரச் சொன்னேன், ஒகாசாகி ஊரில் செய்வது, நகோயாவில் இருந்து ரயிலில் போய்விடலாம். மற்ற மிசோவில் அரிசி, பார்லி சேர்ப்பார்கள், இதில் சோயா, உப்பு, தண்ணீர் மட்டும். ஆள் உயர தேவதாரு வகை மரப் பீப்பாயில் ஆறு டன் போல நிரப்பி, மேலே மூன்று டன் ஆற்றுக் கல்லைக் கோபுரமாக அடுக்கி, இரண்டு கோடை இரண்டு குளிர் தாண்ட விடுவார்கள். கல் அடுக்கவே தனி ஆள் பழக வேண்டும், நிலநடுக்கம் வந்தாலும் சரியக்கூடாது. இப்படிப் பழைய முறையில் செய்பவர்கள் அந்த ஊரில் இரண்டே நிறுவனங்கள், ஒன்று 1645-ல் இருந்து நடக்கிறது. கூத்து என்னவென்றால் 2017-ல் ஹட்சோ மிசோவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது, அது மாநிலம் முழுவதற்குமான இன்னொரு உற்பத்தியாளர் சங்கத்துக்குப் போனது, இந்த இரண்டு பேரும் வெளியே நின்றார்கள். பீப்பாய், கல், இரண்டு வருஷம் எதுவும் கட்டாயமில்லாத விதிகளை அவர்கள் ஏற்கவில்லை. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் குறியீடு கிடைத்தபோது இங்கே எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அதை யார் பெயரில் வாங்குகிறார்கள், என்ன விதி எழுதுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

சரி, ருசி. கன்னங்கரேல் என்று இருக்கிறது, புளிப்பும் துவர்ப்பும் கடைசியில் ஒரு கசப்பும். இதில் சூப் வைத்து வீட்டில் யாரும் முழுசாகக் குடிக்கவில்லை. ஆனால் கத்திரிக்காயை இரண்டாகப் பிளந்து, நல்லெண்ணெயில் வதக்கி, மிசோவோடு நாட்டுச் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் குழைத்து மேலே தடவி இன்னொரு பிரட்டு பிரட்டினால், அரிசி பருப்பு சாதத்துக்கு அதைவிடத் தொட்டுக்கொள்ள எனக்கு வேறு எதுவும் தேவையில்லை. ஜப்பானிலும் கத்திரிக்காய்க்கு மிசோ பூசுவார்கள், நான் அவர்களுடைய மிரின் என்ற இனிப்புச் சாராயத்துக்குப் பதில் சர்க்கரை போட்டேன், அவ்வளவுதான். கொதிக்க விடாதீர்கள், மணம் போய்விடும். ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் கிடக்கும்.

சோயா சாஸ் ஷோதோஷிமா தீவுச் சரக்கு. இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மரப் பீப்பாயில் ஊறிய சோயா சாஸ் ஜப்பானிலேயே மொத்த உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்குதான், மீதி எல்லாம் எஃகுத் தொட்டி. பீப்பாய் நூறு வருஷம் தாண்டி உழைக்கும், அதனாலேயே புதிதாக வாங்க ஆள் இல்லாமல், செய்கிற தச்சர்களும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். யாமரோக்கு என்ற நிறுவனத்தின் ஐந்தாம் தலைமுறைக்காரர் யாசுவோ யாமமோட்டோ, ஊர்த் தச்சர்களைச் சேர்த்துக்கொண்டு போய்ப் பீப்பாய் செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டு, 2012-ல் அதற்கென ஓர் இயக்கமே ஆரம்பித்தார். மரத்தின் துவாரங்களில் தலைமுறையாகக் குடியிருக்கிற நுண்ணுயிர்தான் ருசி, தொட்டி மாறினால் அதுவும் போச்சு. பாட்டில் சின்னது, விலை அதிகம். ஃபிரைடு ரைஸில் ஊற்றி வீணாக்காதீர்கள். ஆஃப் பாயில் மேல் நாலு சொட்டு, நெய் விட்ட சுடு சாதத்தில் நாலு சொட்டு. வெனிலா ஐஸ்க்ரீமில் விட்டுப் பார் என்று பையன் சொன்னான், பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. கோதுமை சேர்ந்தது, ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம்.

உமேபோஷி எல்லாருக்கும் ஆகாது. வகயாமா மாவட்டத்து மினாபே ஊர்ப் பழம், சர்க்கரை பாதாமி வகையைச் சேர்ந்த உமே என்ற காயை எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு உப்பில் ஊறப்போட்டு, ஜூலைக் கடைசி வெயிலில் காயவைத்துச் செய்வது. அந்த மலைச்சரிவு உமே விவசாயத்தை 2015-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் சேர்த்தது. வாயில் போட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். ஆடி மாதத்துக் கேப்பைக் கூழுக்கு உப்பு நார்த்தங்காயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொட்டுக்கொண்டோம், என் ஓட்டு நார்த்தங்காய்க்கு, பையன் ஓட்டு உமேக்கு. வாங்கினால் உமே, உப்பு, சிவப்பு ஷிசோ இலை என்று மூன்று பெயர் மட்டும் இருப்பதை வாங்குங்கள். தேன் சேர்த்து உப்பைக் குறைத்ததும் வருகிறது, அது வெளியில் வைத்தால் தாங்காது, ருசியும் மிட்டாய் ரகம்.

கத்சுவோபுஷி பற்றி ஓர் எச்சரிக்கை. அது சூரை இனத்து மீனை வேகவைத்து, புகை போட்டு, காயவைத்து, உயர்ந்த ரகம் என்றால் பூஞ்சணமும் ஏற்றி மரக்கட்டையாக்கி, அப்புறம் மெல்லிசாகச் சீவி எடுக்கிற சீவல். தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் கிடைக்கிற மாசிக் கருவாடும் அதே குடும்பத்து மீன்தான், பூஞ்சணம் மட்டும் இல்லை. மாசி கிடைக்கிறவர்கள் இதற்குக் காசு போடத் தேவையில்லை, புகை மணம் இதில் மென்மை, அவ்வளவுதான் வித்தியாசம். எச்சரிக்கை என்னவென்றால் இது சம்பந்தமே இல்லாத பொட்டலங்களில் ஒளிந்திருக்கும். உடனடி மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, தேங்காய்த் துருவல் போலிருக்கும் சாதப்பொடி எல்லாவற்றிலும் மீன். வெள்ளி செவ்வாய் கவிச்சி சேர்க்காத வீடு என்றால் போன் கேமராவை லேபிள் மேல் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள், பொனிட்டோ என்று வந்தால் அது இந்த மீன்தான், எடுத்து வைத்துவிடுங்கள். சைவக்காரர்களுக்கு கொம்பு என்ற கடற்பாசி இருக்கிறது. கிகுனே இக்கேதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1908-ல் குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, உமாமி என்கிற அந்தத் தனி ருசிக்கு அதுதான் காரணம் என்று காட்டியது அதில் இருந்துதான். ஒரு துண்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரில் ரசம் வையுங்கள், பருப்பு கூடப் போட்டது போல ஒரு கனம் வரும்.

வீணாய்ப் போனது தேயிலை. ஹோஜிச்சா என்று வறுத்த பச்சைத் தேயிலை, ஊஜி ஊர்ச் சரக்கு. பையன் அதை ஊதுபத்திப் பெட்டியோடு ஒரே கவரில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். திறந்தால் சந்தனம், கொதிக்க வைத்தால் சந்தனம், ஆறினாலும் சந்தனம். "மாமா, இது புது ஃபிளேவர்னு வித்துரலாம்" என்கிறான். தனியாக வந்த இன்னொரு பொட்டலம் மட்டும் தப்பியது, வறுத்த வாசனையோடு சாப்பாட்டுக்குப் பின் குடிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் போர்த் தண்ணீரில் போட்டால் சப்பென்று ஆகிவிடுகிறது. மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துப் போடுங்கள்.

இங்கேயே ஆன்லைனில் கிடைக்காதா என்றால், கிடைக்கும், இரண்டு மூன்று மடங்கு விலையில். ஒரு கடையில் முன்பு யூசு கோஷோ என்ற மிளகாய் விழுது வாங்கினேன், காலாவதித் தேதி மேல் இறக்குமதியாளர் ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள், உரித்துப் பார்த்தால் தேதி முடிந்திருந்தது. மெயில் போட்டதற்கு "இயற்கையாக நொதித்த பொருள், கெடாது" என்று பதில். காசு வரவில்லை. ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பையன் கொண்டுவந்த யூசு கோஷோதான் ஊதுபத்திக்கு அடுத்து என் இரண்டாம் இடம். கியூஷூ தீவுப் பண்டம், பழுக்காத யூசு என்கிற எலுமிச்சை வகையின் பச்சைத் தோல், பச்சை மிளகாய், உப்பு, மூன்றையும் அரைத்து ஊறவைப்பது. பழுத்த மஞ்சள் தோலும் சிவப்பு மிளகாயும் போட்டுச் சிவப்பாகவும் செய்வார்கள். இதைத் தட்டுவடை செட்டில் பச்சைச் சட்னிக்குப் பதில் கடுகளவு தடவிப் பாருங்கள், பீட்ரூட், வெங்காயத்தோடு சேரும்போது காரம் மூக்கில் ஏறாமல் வாசனை மட்டும் ஏறுகிறது. தயிர்சாதத்துக்கும் ஆகும். டப்பா பத்து நாளில் காலியாகிற வீட்டில் இறக்குமதியை நம்பி என்ன செய்வது என்று இங்கேயே செய்து பார்த்தேன். ஏற்காட்டுக் கமலா ஆரஞ்சுத் தோல் கசக்கிறது, சரிவரவில்லை. நார்த்தங்காயின் வெளித்தோலை, வெள்ளைப் பகுதி கொஞ்சமும் வராமல் துருவி, அதே எடைக்குப் பச்சை மிளகாய், இரண்டும் சேர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு கல்லுப்பு, அம்மியில் அரைத்து ஃபிரிட்ஜில் ஒரு வாரம். யூசுவின் பூ வாசனை இதில் வராது, ஆனால் தட்டுவடைக்கு இதுவே போதும். எங்கள் தெரு முனைக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு ஜாஸ்தி சார், பாதியா குறைங்க, போட்டுக் குடுக்கறேன்" என்றார்.