வியாபார வண்டி இன்சூரன்ஸ்: ஒரு கிளைம் முடிந்த பிறகு என் கருத்து

எங்கள் டெலிவரி வேனுக்கு எடுத்திருக்கும் வணிக வாகன பாலிசியைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் சொல்லப்போவதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனி பாலிசிக்கும் பொருந்தும். பிரீமியம் கட்டிய கையோடு எழுதும் விமர்சனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த மாதிரி பாலிசி எப்படிப்பட்டது என்று ஒரு கிளைம் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் தீர்ப்பு. வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் ஒழுங்காக வந்தது, ஆனால் வண்டி ஓடாமல் நின்ற நாட்களுக்கு ஒரு பைசா வரவில்லை. பிழைப்புக்காக ஓடும் வண்டியில் இரண்டாவதுதான் பெரிய அடி.

சரக்கு இறக்கும் இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது வேனின் பின்பக்கம் தூணில் மோதியது. யாருக்கும் காயமில்லை. பின்கதவு உள்ளே அமுங்கி, டெயில் லேம்ப் உடைந்து, கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் கிழிந்து, உள்ளே நாங்கள் பொருத்தியிருந்த இரும்பு ரேக் வளைந்து, அதிலிருந்த சில பெட்டிகளும் நசுங்கிவிட்டன. பார்ப்பவர்களுக்கு அது ஒரே இடி. சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்துப் படமெடுத்து, தனித்தனி வரியாக எழுதினார். கதவின் தகட்டுக்கு வண்டியின் வயதைப் பார்த்துத் தேய்மானம் கழித்தார்கள். லேம்புக்கும் ரப்பருக்கும் அதைவிட அதிகம் கழிந்தது, பிளாஸ்டிக்கும் ரப்பரும் சீக்கிரம் தேயும் என்பது அவர்கள் கணக்கு. ரேக்குக்குப் பணம் கிடைத்ததற்கு ஒரே காரணம், பாலிசியின் ஷெட்யூலில், அதாவது வண்டி விவரங்கள் இருக்கும் பக்கத்தில், கூடுதல் பொருத்துதல் என்று மதிப்போடு எழுதி வாங்கியிருந்ததுதான். எழுதாமல் விட்டிருந்தால் அது வண்டியின் பாகமே இல்லை என்று தள்ளியிருப்பார்கள். பெட்டிகளுக்கு ஒன்றும் கிடையாது. வாகன பாலிசி வண்டிக்குத்தான், உள்ளே இருக்கும் சரக்குக்கு அல்ல. அதற்குப் போக்குவரத்துச் சரக்குக் காப்பீடு தனியாக இருக்கிறது, எங்கள் சரக்கு விலை குறைவு என்பதால் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தோம்.

தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் கவரேஜ்) எடுத்திருந்தால் பாகங்களுக்கு முழுப் பணமும் வந்திருக்கும், ஆனால் கிளைமில் முதல் பங்காக நாம் போடும் தொகை அப்போதும் நம் தலையில்தான். பிரீமியம் குறைகிறதே என்று இந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு வண்டி மட்டும் வைத்திருப்பவருக்கு அது சரிவராது, மோதிய அன்று கையில் அந்தப் பணம் இருக்க வேண்டுமே.

இந்த பாலிசியில் எனக்குப் பிடித்தது, எடுக்கும்போதே அவர்கள் துருவித் துருவிக் கேள்வி கேட்டது. சொந்தச் சரக்கா, வாடகைக்கு அடுத்தவர் சரக்கா, ஆட்களை ஏற்றுவீர்களா, எவ்வளவு தூரம் ஓடும், இரவில் எங்கே நிற்கும், யார் யார் ஓட்டுவார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். கேட்கும்போது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிளைம் சமயத்தில் முதலில் சரிபார்ப்பது இதைத்தான். சொந்த உபயோகம் என்று போட்டுவிட்டு அதே வண்டியில் தினமும் டெலிவரி செய்தால், எத்தனை வருடம் பிரீமியம் கட்டியிருந்தாலும் கிளைம் நிராகரிக்கப்படலாம். பாலிசி எடுக்கும்போது சரியாகச் சொல்லி, நடுவில் தொழில் மாறினாலும் இதே சிக்கல்தான். சொந்தச் சரக்குக்கு என்று எடுத்த வேனை வாடகைக்கு விட ஆரம்பித்தால், முதல் சவாரிக்கு முன்பே கம்பெனிக்குத் தெரிவித்து மாற்றி எழுதி வாங்குங்கள். டிரைவரின் லைசென்ஸ் அந்த வகை வண்டிக்கானதா என்பதையும் நீங்களே கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது.

சரி, இதெல்லாம் நம் வண்டியைப் பற்றிய பேச்சு. எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். வண்டி போனால் வண்டியின் விலையோடு போயிற்று. ஒரு மனிதருக்குப் பலத்த காயம் என்றால் அந்த இழப்பீடு வண்டியின் விலையைப் போலப் பல மடங்கு ஆகி, கடையையே விழுங்கிவிடும். ஆகவே மூன்றாம் நபர் பொறுப்பு (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் காயம், சேதம்) என்ற பகுதியில் காயத்துக்கு எவ்வளவு வரை, சொத்துச் சேதத்துக்கு எவ்வளவு வரை என்ற இரண்டையும் முதலில் பாருங்கள், கதவும் லேம்பும் அப்புறம். சரக்கு இறக்கும்போது பெட்டி விழுந்து வழிப்போக்கருக்கு அடிபட்டால் அது வாகன பாலிசியில் வருமா, கடையால் வெளியாட்களுக்கு ஆகும் பாதிப்புக்கென்று எடுக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டில் வருமா என்றும் கேளுங்கள், இரண்டு பக்கமும் கைகழுவ வாய்ப்புள்ள இடம் அது. வேலை செய்பவர் தன் சொந்த பைக்கில் கடை வேலையாகப் போய் விபத்தானாலும் வழக்கு கடையின் மேல் வரலாம். நாம் வாங்காத வண்டிக்கும் நமக்குப் பொறுப்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதற்கென்று தனி கவரேஜ் விற்கிறார்கள்.

கடனில் இருக்கும் வண்டி என்றால் இன்னொன்று. வண்டி முழுதாகப் போய்விட்டால் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும், பாலிசியில் வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருந்தால் வண்டியும் இல்லாமல் மிச்சக் கடனையும் கட்ட வேண்டிவரும்.

சேவையில் குறை என்றால் பேப்பர் விஷயம். கிளைமுக்கு வேண்டியதையெல்லாம் ஒரே பட்டியலாகக் கொடுக்காமல் ஒன்று கொடுத்தால் அடுத்தது, அது கொடுத்தால் இன்னொன்று என்று இழுத்தார்கள், அத்தனை நாளும் வேன் ஒர்க்‌ஷாப்பில் சும்மா நின்றது. சர்வேயர் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தார், கழித்ததற்குக் காரணமும் பொறுமையாக விளக்கினார்.

புதுப்பிக்கும்போது இதே பாலிசியில்தான் தொடர்கிறேன், ஆனால் ரிப்பேர் நாட்களுக்கு மாற்று வண்டியோ தினப்படித் தொகையோ தரும் ஆட்-ஆனைச் சேர்த்து. அது எத்தனையாவது நாளிலிருந்து தொடங்கும், அதிகபட்சம் எத்தனை நாள், பேப்பருக்காகக் காத்திருக்கும் நாட்களும் கணக்கில் வருமா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.