காட்பாடி – வேலூர் சாலையில் 28 அங்குல மிதிவண்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

காட்பாடி காந்தி நகரிலிருந்து வேலூர்க் கோட்டைக்கு எதிரே உள்ள என் அலுவலகத்துக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை ஓராண்டுக்கும் மேலாக 28 அங்குலச் சக்கரமுள்ள, கியர் இல்லாத கறுப்பு மிதிவண்டியில் கடந்து வருகிறேன். பால்காரர்கள் காலங்காலமாக ஓட்டிவரும் அதே வகைதான், ரூ. 7,000-க்குச் சற்று மேல் ஆயிற்று. வேலைக்குச் செல்ல மிதிவண்டி வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கியர் வண்டியையே விசாரிக்கிறார்கள். இந்தச் சாலைக்குக் கறுப்பு வண்டியே போதும் என்பதும், ஆனால் அதன் பிரேக்கை நம்பிவிடக் கூடாது என்பதும் என் அனுபவம்.

பிரேக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் வயர் கிடையாது. கைப்பிடியை அழுத்தினால் இரும்புக் கம்பிகள் இழுபட்டு, ரப்பர்க் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தில் போய் அழுந்தும். ரிம் கோட்டமாகிப் பக்கவாட்டில் சற்று ஆடினாலும் கட்டை உரசாது என்பது இந்த அமைப்பின் நன்மை. ஆனால் முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்துவிட்டால் கட்டைக்குப் பிடிமானம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஐப்பசியில் ஒரு மாலை மழையோடு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி விருதம்பட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, முன்னால் சென்ற ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றுவதற்காகச் சட்டென்று நின்றது. இரண்டு பிரேக்கையும் முழுவதுமாகப் பிடித்தும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. கட்டைகள் ரிம்மின் ஈரத்தை வழித்துப் பிடிமானம் கிடைப்பதற்குள், காலைத் தரையில் ஊன்றி ஆட்டோவின் பின்கம்பிக்கு ஒரு சாண் முன்னால் நின்றேன். அன்றிலிருந்து மழையில் அவ்வப்போது பிரேக்கை மெல்லப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிறேன். முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் இடையே வழக்கத்தைப் போல இருமடங்கு இடைவெளி விடுகிறேன்.

வண்டியை விற்ற கடையின் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. எல்லாம் பூட்டித் தயாராக இருப்பதாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் பின்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வந்தது. பஞ்சர் ஒட்டும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனபோது அச்சைக் கழற்றி சக்கரம் உருள உதவும் சிறு இரும்புக் குண்டுகளான பால்ஸை என் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். கிரீஸின் வாடைகூட இல்லாமல் காய்ந்து கிடந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து, அச்சில் பால்ஸைத் தாங்கும் கோனை இறுக்கித் தந்தார். பிறகு ஸ்போக்குச் சாவியை எடுத்து, ரிம்முக்கு அருகே கட்டைவிரலை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிட்டு, விரலில் உரசும் இடத்துக் கம்பியை மட்டும் கால் சுற்று திருகிக் கோட்டம் எடுத்தார். அந்தச் சக்கரம் இன்றுவரை நேராக ஓடுகிறது. புது வண்டியானாலும் முதல் வாரத்திலேயே ஒரு முறை ஓவராயில், அதாவது கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்துப் பூட்டும் வேலை, செய்துவிடுங்கள்.

கியர் இல்லாதது எனக்கு ஒருநாளும் குறையாகத் தோன்றவில்லை. முன்புறப் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்புறத்தில் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகர்கிறது. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம் வரும். சில்க் மில், விருதம்பட்டு, பாலம் என்று போகும் இந்த வழியில் செங்குத்தான ஏற்றம் ஏதும் இல்லை. நெரிசலில் அதற்கு மேல் வேகமும் வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் பாலத்தின் மீது மேற்கிலிருந்து வரும் காற்று விலாவில் மோதும்போது, ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள இந்த வண்டி அசையாமல் போவது எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்த வண்டியின் மெய்யான பலம் நிமிர்ந்து உட்காரும் அமைப்புதான். கிரீன் சர்க்கிளில் பேருந்து நிலையத்துக்குத் திரும்பும் பேருந்துகளும் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் லாரிகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. குனிந்து ஓட்டும் வண்டியில் பின்னால் வருவதைப் பார்க்கக் கழுத்தை முறித்துத் திரும்ப வேண்டும். இதில் தோளை லேசாகத் திருப்பினாலே பின்னால் வரும் ஓட்டுநரின் முகம் தெரிகிறது. அவர் என்னைப் பார்த்துவிட்டார் என்று உறுதியான பிறகே கையை நீட்டி உள்ளே நுழைகிறேன். பேருந்தின் இடப்பக்கம் புகுந்து முந்துவதில்லை. அது திரும்பும்போது நாம் இருப்பது ஓட்டுநருக்குத் தெரியாது.

பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய தெருக்களில் பெரிய சக்கரம் குழிகளை எளிதாகக் கடக்கிறது. செயின் கவர் இருப்பதால் பேன்ட்டில் மசி படுவதில்லை. டிபன் பாக்ஸும் மாற்றுச் சட்டையும் கேரியரில் அடங்கிவிடுகின்றன. அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது என்பதால், அந்த மாற்றுச் சட்டை இல்லாமல் நான் கிளம்புவதே இல்லை.

டைனமோ விளக்கை மட்டும் மாற்றிவிட்டேன். சக்கரம் சுற்றினால்தான் அது எரியும். இருட்டில் சிக்னலில் நிற்கும்போது, நாம் நிற்பதைப் பிறர் கட்டாயம் காண வேண்டிய நேரத்தில் அணைந்துவிடும். பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைக் கேரியரின் அடியில் கட்டியிருக்கிறேன்.

மாடியில் குடியிருப்பவர்கள் வாங்குவதற்கு முன் கடையிலேயே வண்டியை ஒரு முறை தோளில் தூக்கிப் பார்த்துவிடுங்கள். எனக்குத் தரைத்தள வீடு. இருந்தும், அலுவலக வாசலில் உள்ள நான்கு படிகளில் ஏற்றுவதற்கே தினமும் மூச்சு வாங்குகிறது.