மினிலாக்குக்குப் பக்கத்தில் எதை வைப்பது: சூமா, ஸ்டாம்ப்பா?

கோர்க் மினிலாக் 2016இல் வந்த நாலு குரல் அனலாக் சின்த், அதாவது ஒரே நேரத்தில் நாலு சுரம் ஒலிக்கும், மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் கீபோர்ட். ஒலி நல்ல தடிப்பு, ஆனால் வெளியே வருவது ஒரேயொரு மோனோ (ஒற்றைத் தட) வயர். உள்ளே எதிரொலிபோல் ஒலியைத் திரும்பச் சொல்லும் ஒரு டிலே இருக்கிறது, அதுவும் இடம் வலம் என்று விரியாது. அதனால்தான் கிற்றார்காரரின் காலடியில் கிடக்கும், ஒலியைப் பலவிதமாக மாற்றும் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை மேசையில் ஏற்ற வேண்டியிருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் என் அறையில் இரண்டை மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன்: சூம் எம்எஸ்-70சிடிஆர், லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப்.

முதல் சிக்கல் சிக்னல் அளவு. சின்த் வெளியே விடும் சிக்னல் (லைன் லெவல்), கிற்றார்க் கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப் தருவதை விடப் பலமானது. ஸ்டாம்ப்பில் குளோபல் செட்டிங்ஸுக்குள் போய் இன்புட்டை லைனுக்கு மாற்றினால் சரி. சூமில் அப்படி ஒன்றும் இல்லை. நாலு விரலில் கோர்ட் பிடித்து ஃபில்டரின் கூரைக் கூட்டும் ரெசனன்ஸை ஏற்றியதும் கரகரவென்று உடைந்தது. மினிலாக்கின் வொலியூமைப் பாதிக்குக் கீழே இறக்கிய பிறகுதான் அடங்கியது.

சூமின் பெயரிலுள்ள சிடிஆர் கோரஸ் (பலர் சேர்ந்து ஒலிப்பதுபோல் ஆக்குவது), டிலே, ரிவேர்ப் (மண்டபத்து முழக்கம்) என்பவைதான். ஒரே நேரத்தில் 6 வரை அடுக்கலாம். கோரஸை முதலில் வைத்ததும் நீண்டு படரும் மோனோ பேட் ஒலி இரண்டு ஸ்பீக்கருக்கும் பரவியது. நீண்ட ரிவேர்ப்பை டிலேக்கு முன்னால் வைத்தால் குழைசாதம்தான்.

ஸ்டாம்ப்பின் ரிவேர்ப் இன்னும் மிருதுவாக அடங்கும். ஆனால் என்னை அசத்தியது கிற்றாருக்கென்றே செய்த கேப் மாடல், அதாவது ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் எஃபெக்ட். ஸ்பீக்கர் பெட்டி உயர் அலைவரிசைகளை வெட்டிவிடுமல்லவா? சாடூத் (ரம்பப்பல் வடிவ அலை) பேஸுக்குக் கொஞ்சம் டிஸ்டோர்ஷன் (கரகரப்பு) கொடுத்து அதற்குள் விட்டேன். காதைக் குத்தும் கூர் போய், மரப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ உறுமுவதுபோல் வந்தது. ஒற்றைச் சுரத்துக்கு மட்டும்தான் இது. கோர்ட் பிடித்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிச் சேறாகிவிடும்.

சின்த் அனுப்பும் தாளக் கணக்கான மிடி கிளொக்கை ஸ்டாம்ப் வாங்கும், ஆகவே கோர்டைச் சுரம் சுரமாகப் பிரித்து வாசிக்கும் ஆர்ப்பெஜியேட்டரின் தாளத்திலேயே டிலே நடக்கும். சூமில் டிலேயின் வேகத்தைப் பிடிக்க, காலுக்கென்று வைத்த சுவிட்சைக் கையால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேடையில் இது பெரிய வித்தியாசம், வீட்டில் அவ்வளவாக இல்லை.

கரண்ட் விஷயம் வேறு. ஸ்டாம்ப் 9 வோல்ட், 3 அம்பியர் அடாப்டர் இல்லாமல் அசையாது. சூமுக்கு இரண்டு டபிள் ஏ பற்றரி போதும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் போனபோது, பற்றரி போடமுடியாத மினிலாக்கும் ஊமை. ஆறு பற்றரி போட்ட வோல்கா கீஸ் என்ற சின்னச் சின்தும் சூமும்தான் மெழுகுதிரி வெளிச்சத்தில் துணைக்கு இருந்தன.

விலையும் சூமின் பக்கம்தான். எனக்குப் பேட் ஒலிதான் முக்கியம் என்பதால் சூமே மேசையில் இருக்கும். ஸ்டாம்ப் கொட்டாஞ்சேனையிலிருக்கும் கிற்றார் நண்பருடையது, ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அந்தக் கேப் பேஸை மட்டும் நாலைந்து சுருதியில் பதிந்து வைத்துக்கொள்கிறேன்.