ஒரே பிரிட்ஜ், மூணு விலை: திருகோணமலை டவுன்ல ஈசி பேமென்ட்ல எடுத்த அனுபவம்

கடைப் பேர் போடமாட்டன், கேக்காதீங்க. விசாரிச்சுப் பார்த்த மற்ற ஷோரூம்களும் கொஞ்சம் முன்னப் பின்ன இதே கணக்குத்தான் சொன்னாங்க, அதால ஒருத்தன மட்டும் இழுத்துப் போட்டு பிரயோசனம் இல்ல. சாமான் எண்டா ஒரு கதவு பிரிட்ஜ், 180 லீட்டர். எடுத்தது எங்கட சின்னம்மா. சல்லி எண்ட கடற்கரை ஊருல இருக்கிறா, சித்தப்பா கடலுக்கு போறவர். நான் பிணைக்கு கையெழுத்து வைக்கப் போனனான், அதால பேப்பர் எல்லாத்தையும் இருந்து வடிவா வாசிச்சன்.

பிரிட்ஜ பத்தி முதல்ல சொல்லி முடிச்சிடுறன். நல்ல சாமான், குறை சொல்ல ஒண்டும் இல்ல. சத்தம் இல்ல, ராவைக்கு சின்னப் பையில ஐஸ் பக்கெட் கட்டி வச்சா விடியக்குள்ள கல்லு மாதிரி இருக்கு, மீன் வைக்கிற தட்டு மட்டும் கொஞ்சம் சின்னன். ஒரு முழுப் பாரை வைக்க ஏலாது, வெட்டித்தான் வைக்கணும். பின்னேரத்துல அந்தப் பக்கம் வோல்டேஜ் இறங்கும், அதுக்கு ஸ்டெபிலைசர் தனியா வாங்கினம். அத கடையில முதல்ல சொல்லேல்ல, பில் அடிக்கிற நேரம்தான் "ஸ்டெபிலைசர் இல்லாட்டி வொரண்டி கிளெயிம் பண்ண கஷ்டம் அம்மா" எண்டு மெதுவா எடுத்து விட்டாங்க.

இப்ப விசயத்துக்கு வாறன். பிரிட்ஜ்ல ஒட்டியிருந்த விலை 98,900. கையில காசு இருந்தா அதுதான் விலை, கொஞ்சம் கதைச்சா ஸ்டெபிலைசரயும் சேர்த்து தருவான். பேங்க் கிரெடிட் கார்ட் இருந்தா 24 மாசம், வட்டி இல்ல, மாசம் 4,121 ரூபா, முற்பணம் ஒரு சதம் கூட தேவையில்ல. ரெண்டும் இல்லாதவங்களுக்குத்தான் கடையின்ட ஈசி பேமென்ட். முற்பணம் 20,000, பிறகு மாசம் 4,850 படி 24 மாசம், டொக்கியுமென்ட் சார்ஜ் 1,500.

அந்தப் பிள்ளை, கவுண்டர்ல இருந்தவ, நல்ல பிள்ளை, அவவுல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கல்குலேட்டர எங்கட பக்கம் திருப்பி வச்சு 4,850 எண்ட நம்பர மட்டும் காட்டினா. "அம்மாக்கு ஒரு நாளைக்கு 162 ரூபாதான் வரும், ரெண்டு பிளேன்டிக் காசு" எண்டா. சின்னம்மாவும் தலைய ஆட்டினா, ஏனெண்டா அவட வாழ்க்கையே நாள் கணக்குலதான் ஓடுது, இண்டைக்கு என்ன பிடிபட்டுது இண்டைக்கு என்ன வந்துது எண்டு. நான் கல்குலேட்டர வாங்கி 4,850ஐ 24ஆல பெருக்கினன், 116,400. முற்பணத்தையும் டொக்கியுமென்ட் காசையும் கூட்டினா 137,900. அந்தப் பிள்ளை அத பார்த்துட்டு "எல்லாரும் இப்பிடித்தான் அண்ணா எடுக்கிறாங்க" எண்டு மட்டும் சொன்னா. உண்மைதான், எல்லாரும் இப்பிடித்தான் எடுக்கிறாங்க.

98,900 சாமானுக்கு 137,900. 39,000 ரூபா கூட. வட்டி எவ்வளவு எண்டு கேட்டா "வருசத்துக்கு 24 வீதம் மாதிரி" எண்டு சொல்லுவாங்க. அந்தக் கணக்கு எப்பிடி எண்டா, முற்பணம் போக மிச்சம் 78,900க்கு ரெண்டு வருசமும் முழுசா வட்டி போடுறது. ஆனா நாங்க மாசா மாசம் கட்டிக்கொண்டெல்லோ வாறம், ஒரு வருசம் கழிய கடன் நல்லா இறங்கிடும், ஆனா வட்டி மட்டும் முதல் நாள் தொகைக்கே ஓடிக்கொண்டிருக்கும். குறைஞ்சு வாற மிச்சத்துக்கு போட்டு பார்த்தா மாசத்துக்கு 3.4 வீதம் கிட்ட, வருசத்துக்கு 40 வீதம். போன்லயே செய்து பார்க்கலாம், லோன் கல்குலேட்டர் எண்டு தேடினா வரும்.

2018ல நுண்கடன் பிரச்சினை பெரிசா வெடிச்சது ஞாபகம் இருக்கும், வரட்சி பட்ட மாவட்டங்கள்ல பொம்பளைகள் எடுத்த ஒரு லட்சத்துக்குள்ள கடன்கள அரசாங்கம் பொறுப்பெடுக்கிறம் எண்டாங்க, லைசன்ஸ் உள்ள நுண்கடன் கம்பனி 35 வீதத்துக்கு மேல வட்டி எடுக்கேலா எண்டு உச்சம் வச்சாங்க. நாங்க எல்லாரும் திட்டித் தீர்த்த அந்த நுண்கடன் குறூப் லோனுக்கு வச்ச உச்சத்த விட இந்த பிரிட்ஜ் கூடுதலா எடுக்குது, ஆனா ஏசி போட்ட ஷோரூம்ல பலூன் கட்டி வச்சிருக்கிறதால ஒருத்தரும் அத கடன் எண்டே நினைக்கிறதில்ல.

நான் கொதிக்கிறது அந்த 39,000க்கு மட்டும் இல்ல. எனக்கு மாசச் சம்பளம், பேங்க்ல கார்ட் தந்திருக்கு, அதே கடையில அதே பிரிட்ஜ நான் எடுத்தா மாசம் 4,121, முற்பணமும் இல்ல. சின்னம்மாக்கு மாசமும் கூட, முற்பணமும் கூட. அந்த 20,000க்கு தோட்டை அடகு வச்சா, அதுக்கு வட்டி வேற, அது மேல சொன்ன கணக்குல இல்ல. நீங்க கேக்கலாம், உன்ட கார்ட்ல எடுத்து குடுத்திருக்கலாமே எண்டு. சொன்னனான், அவ விடேல்ல. "உனக்கும் பிள்ளை குட்டி இருக்கு மகன், ஒரு மாசம் பிந்தினா உன்ட முகத்த எப்பிடி பார்க்கிறது" எண்டா. சொந்தத்துக்குள்ள கடன் படுறதுக்கும் ஒரு விலை இருக்கு, அத அவ கட்ட விரும்பேல்ல, நானும் வற்புறுத்தேல்ல.

சேர்த்து வச்சு ரொக்கமா வாங்கியிருக்கலாம் எண்டு சொல்லுறவங்களுக்கு: பிரிட்ஜ் இல்லாம இருக்கிறதுக்கும் காசு போகுது. மீன் கூட பிடிபட்ட நாள்ல கரையில விலை விழும், அண்டைக்கு வச்சிருந்து மற்ற நாள் விக்க ஏலாம கேட்ட விலைக்கு தள்ளி விடுறது, இல்லாட்டி ஐஸ் வாங்கி போடுறது, ஐஸ் காசு திரும்பி வராது. மிஞ்சின கறி பழுதாகும். இப்ப அவ ஐஸ் பக்கெட் கட்டி ஸ்கூல் விடுற நேரம் விக்கிறா, தவணையில ஒரு பங்கு அதுலயே வருது. ரெண்டு வருசம் சேர்த்துட்டு வாங்கியிருந்தா அந்த ரெண்டு வருசமும் இந்த வருமானம் இல்ல, அதோட வீட்டுல இருக்கிற காசு இருக்கவும் மாட்டுது, ஒரு சாமத்திய வீடு, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு வலை கிழிஞ்சா முடிஞ்சுது.

செக்கன்ஹேண்ட் எடுக்கலாம் எண்டு பக்கத்து வீட்டு அக்கா 35,000க்கு ஒண்டு எடுத்தவ. கதவு றப்பர் இறுகி வெடிச்சு போய் குளிர் எல்லாம் வெளிய, மோட்டர் நிக்காம ஓடும், பிறகு கேஸ் இறங்கி நிரப்பினது, கடைசியா கம்ப்ரசர் போச்சு. இப்ப அது உடுப்பு வைக்கிற அலுமாரி. அவவுக்கு கரண்ட் பில் வேற ஒரு கூத்து. ஒரு வளவுல மூணு குடும்பம் வாடகைக்கு, மீட்டர் ஒண்டு, வீட்டுக்காரன்ட பேருல. 60 யுனிட்டுக்குள்ள நிண்டா குறைஞ்ச ரேட், தாண்டினா முழுக் கணக்கும் வேற ரேட்டுக்கு மாறும், நிலைக் கட்டணமும் ஏறும். குறைய பாவிக்கிறவங்களுக்கு குறைய விலை எண்டுதான் அந்த முறையே, ஆனா குறைய பாவிக்கிற மூணு குடும்பம் ஒரு மீட்டர்ல சேர்ந்தா பேப்பர்ல ஒரு பணக்கார வீடு மாதிரித்தான் விழும். தனி மீட்டர் எடுக்க வளவுக்காரன் கையெழுத்து வைக்கணும், அவன் ஏன் வைப்பான்.

எல்லாத்துலயும் இப்பிடி எண்டும் இல்ல. சமையல் கேஸ பாருங்க, 2024 ஜூலையில லிட்ரோ கம்பனியின்ட 12.5 கிலோ சிலிண்டர் 3,690, சின்ன 2.3 கிலோ 694. கிலோக்கு பிரிச்சா 295ம் 302ம், ஏழு ரூபா கிட்டத்தான் வித்தியாசம். விலைய பகிரங்கமா அறிவிச்சு விக்கிற சாமான்ல சின்னதா வாங்குறவனுக்கு பெரிய அடி இல்ல. ஆனா சின்ன சிலிண்டர் கெதியா முடியும், ஒவ்வொரு தடவையும் எடுக்கப் போகணும், ஓட்டோக் காசு அந்த ஏழு ரூபாவ எங்கயோ கொண்டு போயிடும், அது வேற கதை.

திரும்ப கடைக்கு வாறன். மோசமான பகுதி மார்கழியில வந்துது. எங்கட பக்கம் ஐப்பசி கடைசியில வாடை தொடங்கினா கடல் கொந்தளிப்பு, வள்ளம் கரையில கவிழ்த்து கிடக்கும், தை வரைக்கும் ஒழுங்கா போக ஏலாது. இது திருகோணமலையில எல்லாருக்கும் தெரியும், அந்த ஷோரூம்ல வேலை செய்யிற பொடியங்கள்லயும் பாதிப் பேர் கடற்கரை ஊர்க்காரர்தான். ஆனா தவணைக்கு கடலும் தெரியாது காத்தும் தெரியாது, மாசம் 10ஆம் திகதி எண்டா 10ஆம் திகதி. பிந்தினதுக்கு தண்டக் காசு, பிறகு ஒருத்தர் மோட்டசைக்கிள்ல வந்து கேற்றடியில நிண்டு ஊருக்கே கேக்கிற மாதிரி கதைச்சது, பிணை எண்டு எனக்கு வேலை நேரத்துல கோல். "சாமான தூக்க வேண்டி வரும்" எண்டும் சொன்னார். ஈசி பேமென்ட் எண்டுறது பேப்பர்ல வாடகைக் கொள்வனவு, அப்பிடி எண்டா கடைசித் தவணை கட்டுற வரைக்கும் சாமான் கடைக்காரன்டதான், அத தெரிஞ்சு வச்சுக்கொள்ளுங்க. ஆனா கேற்றடியில சத்தம் போடலாம் எண்டு அக்ரிமென்ட்ல எங்கயும் இல்ல. சித்தப்பா பேசாம உள்ள போய் மிச்சமிருந்த பெரிய வலையின்ட ஈயம் கழட்டி வித்துட்டு வந்து கட்டினார். மாசியில அதே ஈயத்த கூடின விலைக்கு திரும்ப வாங்கினார், இதையும் பிரிட்ஜ் கணக்குல சேர்க்கணுமா இல்லையா எண்டு நீங்களே சொல்லுங்க.

பிறகு நான் மனேஜர போய் கண்டன். மனுசன் நல்லாத்தான் கதைச்சார், தேத்தண்ணி தந்தார். கடல் நல்லா இருக்கிற வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் கூடக் கட்டி, மாரியில குறைய கட்ட விடுவீங்களா எண்டு கேட்டன். கொழும்புல சிஸ்டம் விடாது எண்டார். முன்கூட்டி முழுசா கட்டினா வட்டியில கழிவு உண்டா எண்டு கேட்டன், அதுக்கு உண்டு எண்டார், ஆனா கேட்டாத்தான் சொல்லுறாங்க. அதால எடுக்கிறவங்க கையெழுத்து வைக்க முதல் இத கேட்டு எழுத்துல வாங்குங்க. மொத்தம் எவ்வளவு கட்டுறம் எண்ட நம்பரயும் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க, மாசக் காச மட்டும் பார்த்து தலை ஆட்டாதீங்க. ரசீது ஒண்டையும் எறியாதீங்க, ஒரு மாசம் கட்டின காசு சிஸ்டத்துல விழேல்ல எண்டு வந்தாங்க, ரசீது இருந்ததால தப்பினம். பில்லுல, விலையில ஏதும் பிழை விட்டா நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்கு கோல் அடிக்கலாம்.

டிலிவரி சொன்ன நாளே வந்துது, பொடியங்கள் மணலுக்குள்ளால தூக்கிக்கொண்டு வந்து வச்சாங்க, டிப்ஸ் கேக்கேல்ல. சேர்விஸுக்கு ஒருக்கா கூப்பிட்டம், மற்ற நாளே வந்தாங்க.

பிரிட்ஜுக்கு 5க்கு நாலு. டிலிவரிக்கு அஞ்சு. ஈசி பேமென்டுக்கு ஒண்டரை, அந்த அரையும் கவுண்டர்ல இருந்த பிள்ளைக்கு. கார்ட் உள்ளவங்க யோசிக்காம இதே மொடல எடுங்க, நல்ல சாமான். கார்ட் இல்லாதவங்க முதல்ல உங்கட கூட்டுறவுச் சங்கத்துலயோ கடற்றொழில் சங்கத்துலயோ லோன் இருக்கா எண்டு விசாரிச்சு, அங்க சொல்லுற வட்டியையும் குறைஞ்சு வாற மிச்சத்துக்கா முழுத் தொகைக்கா எண்டு கேட்டுட்டு, பிறகு டவுனுக்கு வாங்க.